பிராக் நகரில் மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் குடியரசின் தலைநகரான பிராக்கைச் சுற்றிப்பார்க்கத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட, அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து விடையளிப்பது பலருக்கும் பயன்படும் என்று தோன்றியது. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கு முதல் முறையாகப் போகிறோம். பாரிஸ், ரோம் எல்லாம் இருக்கும்போது பிராக்குக்கு ஏன் போக வேண்டும்?

பாரிஸையும் ரோமையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையில் மூன்று நாள் மட்டுமே இருந்து, அதற்குள் ஒரு தலைநகரை ஓரளவேனும் புரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்றால், பிராக்கைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. கோட்டை, ஆறு, பாலம், பழைய நகரச் சதுக்கம், யூதர் பகுதி ஆகிய யாவும் நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் வார்சாவுக்கும் டிரெஸ்டனுக்கும் நேர்ந்த அழிவு இந்நகருக்கு நேரவில்லை. 1945 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சும், அதே ஆண்டு மே மாதம் நாஜிகளை எதிர்த்து எழுந்த எழுச்சியின்போது பழைய நகர மன்றத்தில் பற்றிய தீயும் சேதம் விளைவித்தன என்றாலும், கோதிக், பரோக் காலக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும் தெருக்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. நகரின் வரலாற்று மையம் 1992இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முதன்மையானது. கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறிஸ்தவர் மோதலாகத் தொடங்கி ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போருக்கு 1618இல் வித்திட்டது இந்நகரின் கோட்டையில் உள்ள ஒரு ஜன்னல். அப்போரின் கடைசிப் பெரும் சண்டைகளில் ஒன்று 1648இல் இந்நகரின் பாலத்தில் நடந்தது. இடையில் நிகழ்ந்த மிகக் கொடிய தண்டனைக்குச் சாட்சி, சதுக்கத்தின் தரையில் இருக்கிறது. இந்த மூன்று இடங்களையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். அழகான ஊர் என்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர் இம்மூன்றையும் தெரியாமலே கடந்துபோகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

மூன்று நாள் போதுமா, நான்கு நாள் வேண்டுமா?

முழுதாக மூன்று நாள் கிடைத்தால் போதும். விமானத்தில் வந்து இறங்கும் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வல்தாவா ஆறு நகரை இரண்டாகப் பிரிப்பதால், திட்டத்தையும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம்: ஒரு நாள் மேற்குக் கரையில் கோட்டையும் அதன் அடிவாரமான மலா ஸ்ட்ரானாவும், ஒரு நாள் கிழக்குக் கரையில் பழைய நகரமும் யூதர் பகுதியும், ஒரு நாள் புதிய நகரமும் வைஷெஹ்ராட் குன்றும். ஒரே நாளில் இருமுறை ஆற்றைக் கடக்கும்படி திட்டமிடுகிறவர்கள்தான் களைத்துப்போகிறார்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே, செப்டம்பர் ஆகிய இரண்டும் எனக்குப் பிடித்தவை. குளிரும் கூட்டமும் அளவோடு இருக்கும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே சூரியன் மறையும் என்பதால் நாள் நீண்டு கிடைக்கும். ஆனால் கூட்டம் மிகும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், கோட்டையின் உட்பகுதிகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடப்படும், கோட்டைத் தோட்டங்கள் குளிர்காலம் முழுவதும் திறக்கப்படமாட்டா. கல் பாவிய தெருக்களில் பனி உறைந்தால் வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் போகாதீர்கள்.

வியன்னாவில் மூன்று இரவு, பிராக்கில் மூன்று இரவு தங்குகிறோம். விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

இரண்டும் ஷெங்கன் எனப்படும் பொது விசாப் பகுதியைச் சேர்ந்த நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால், முதலில் எந்த நாட்டின் வழியாக ஷெங்கன் பகுதிக்குள் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். வியன்னாவில் இறங்கி, அங்கிருந்து சுமார் நான்கு மணி நேர ரயில் பயணத்தில் பிராக் வருவதாக இருந்தால், உங்கள் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்குப் போகும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் ஆகும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை போகும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவுசெய்யும் புதிய முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் முதல் நுழைவில் வரிசை நீளலாம். வேறொரு விமானத்துக்கோ ரயிலுக்கோ மாற வேண்டியிருந்தால் இடையில் தாராளமாக நேரம் விடுங்கள்.

யூரோ கையில் இருக்கிறது. அங்கே அது செல்லுமா?

செக் குடியரசின் நாணயம் கொருனா. சுற்றுலாப் பகுதிக் கடைகள் சில யூரோவை வாங்கிக்கொள்ளும், ஆனால் அவர்கள் வைத்ததுதான் விலை. பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும் என்பதால் மிகக் குறைந்த ரொக்கமே தேவைப்படும். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் கூடுதல் தொகை அப்போதுதான் உங்கள் தலையில் விழாது.

பணம் மாற்றும் கடைகளில் கமிஷன் இல்லை என்ற பலகையை நம்பி உள்ளே போகாதீர்கள். அவர்களுடைய லாபம் விகிதத்திலேயே அடங்கியிருக்கும். பணத்தை நீட்டுவதற்கு முன், நூறு யூரோவுக்கு எத்தனை கொருனா கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். மாற்றிய பிறகு ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், ரசீதுடன் மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் அந்த மாற்றத்தை ரத்துசெய்யச் செக் சட்டம் 2019 முதல் உரிமை தந்திருக்கிறது. 1,000 யூரோ வரையிலான தொகைக்கு இது பொருந்தும். தெருவில் நின்று நல்ல விகிதம் தருவதாக அழைப்பவரிடம் ஒருபோதும் மாற்றக்கூடாது. அவர் தருவது வேறொரு நாட்டின் மதிப்பிழந்த தாளாக இருக்கும், அவரிடம் ரசீதும் கிடைக்காது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது? மெட்ரோ உண்டா?

வாக்லாவ் ஹாவல் விமான நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது. பொதுப் பேருந்தில் ஏறி ஒரு மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் நகருக்குள் போக வேண்டும். பேருந்து, டிராம், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டுதான். 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று நேர அளவில் விற்கப்படும். விமான நிலையத்திலிருந்து வர 90 நிமிடச் சீட்டு ஏற்றது. மூன்று நாள் தங்குகிறவர்கள் அங்கேயே 72 மணி நேரச் சீட்டை வாங்கிவிடலாம்.

காகிதச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது. முதல் வண்டியில் ஏறியவுடனோ, மெட்ரோ நிலையத்தில் நகரும் படிக்கட்டுக்கு முன்போ உள்ள சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி நேரம் பொறிக்க வேண்டும். அதன் பிறகே அது செல்லுபடியாகும், அதுவும் ஒரே ஒரு முறைதான் பொறிக்க வேண்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் பொறிக்காத சீட்டையும் சீட்டில்லாத பயணமாகவே கருதி அபராதம் விதிப்பார்கள்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டி அறை எடுத்தால் எல்லாம் காலடியில் இருக்கும். ஆனால் வார இறுதி இரவுகளில் மதுக்கூடங்களின் சத்தம் விடியும்வரை ஓயாது. மலா ஸ்ட்ரானா அமைதியானது, அழகானது, செலவும் கூடுதல். வினோஹ்ராடி, கார்லின் ஆகிய குடியிருப்புப் பகுதிகள் மையத்திலிருந்து சில மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளியிருந்தாலும், அறை வாடகை குறைவு, உள்ளூர் மக்கள் சாப்பிடும் உணவகங்களும் பக்கத்தில். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வினோஹ்ராடிதான். பழைய கட்டடங்களில் பல மின்தூக்கி இல்லாதவை என்பதால் முன்பதிவுக்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். முட்டைகூடச் சாப்பிடமாட்டோம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

தேவையில்லை. நகரில் இந்திய உணவகங்கள் பல உள்ளன. தட்டின் எடைக்கேற்பக் காசு வாங்கும் சைவ உணவகங்களும் உண்டு. உள்ளூர் உணவைச் சுவைக்க விரும்புகிறவர்கள்தான் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். உணவுப் பட்டியலில் ‘பெஸ்மசா யீட்லா’ என்ற தலைப்பின்கீழ் இறைச்சியில்லாத உணவுகள் வரும். பூண்டு சூப்பில் மாமிசச் சாறும், உருளைக்கிழங்கு அடையில் முட்டையும் பன்றிக் கொழுப்பும் சேரக்கூடும் என்பதால் அத்தலைப்பில் இருந்தாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மொழி தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உணவின் பெயருக்குப் பக்கத்தில் 1, 3, 7 என்பதுபோலச் சிறிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த பதினான்கு பொருள்களின் வரிசை எண்கள் அவை. 3 என்றால் முட்டை, 4 என்றால் மீன், 7 என்றால் பால். இறைச்சிக்கு எண் கிடையாது. ஆனால் இறைச்சியில்லாத பகுதியில் 3 இல்லாத உணவைத் தேடினால் முட்டை ஐயம் தீர்ந்துவிடும். பொரித்த பாலாடைக்கட்டி சைவர்களுக்கு ஏற்றது என்று பலர் சொல்லுவார்கள். அதன் மேல்மாவில் முட்டை உண்டு, பக்கத்தில் 3 என்ற எண்ணும் இருக்கும்.

கோட்டைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பிராக் கோட்டையின் முற்றங்களும் தெருக்களும் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை கட்டணமின்றித் திறந்திருக்கும். நுழைவாயிலில் பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. கட்டணம் உட்பகுதிகளுக்குத்தான், அவை ஒன்பது மணிக்குத் திறக்கும். எட்டரைக்கு வாயிலில் இருந்தால், சுற்றுலாக் குழுக்கள் வந்து சேரும் முன் பேராலயத்துக்குள் போய்விடலாம். வாங்கிய சீட்டு மறுநாளும் செல்லும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு நடப்பதால் நண்பகல் வரை பேராலயத்தைச் சுற்றிப்பார்க்க முடியாது.

சீட்டு வாங்கியே தீர வேண்டும் என்பது என் கருத்து. புனித வைட்டஸ் பேராலயத்தின் கட்டுமானம் 1344இல் தொடங்கி, போர்களாலும் பணமின்மையாலும் பலமுறை நின்று, 1929இல்தான் நிறைவுற்றது. உள்ளே இடப்புறம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி இருக்கிறது. காலை வெயில் அங்கே நேராக விழாவிட்டாலும் அதன் நீலமும் பச்சையும் மங்குவதில்லை. வலப்புறம், மணிக்கற்கள் பதித்த சுவர்களைக் கொண்ட புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம். அரச முடியும் அணிகளும் இருக்கும் அறைக்கு அங்கிருந்துதான் வழி. அந்த அறையின் கதவுக்கு ஏழு பூட்டுகள். குடியரசுத் தலைவர், பேராயர் முதலிய ஏழு பேரிடம் ஒவ்வொரு சாவி இருக்கிறது.

பேராலயத்தோடு திரும்பிவிடாமல் பழைய அரண்மனைக்குள் செல்லுங்கள். குதிரை வீரர்கள் மழைநாளில் உள்ளேயே போட்டி நடத்தும் அளவுக்குப் பரந்த விளாடிஸ்லாவ் மண்டபத்தைக் கடந்தால், பக்கவாட்டில் ஓர் எளிய அறை வரும். 1618 மே 23 அன்று சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரபுக்கள், கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் அந்த அறையின் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். மூவரும் உயிர்பிழைத்தனர். தேவமாதா தாங்கிக்கொண்டதாக ஒரு தரப்பும், கீழே கிடந்த சாணக்குவியல் தாங்கியதாக மறுதரப்பும் சொல்லிக்கொண்டன. அந்த ஜன்னலருகே நின்று, கீழே உள்ள ஆழத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பொற்கொல்லர் சந்து அவ்வளவு பெரிய விஷயமா?

பொற்சந்து என்பதே அதன் பெயர். கோட்டைச் சுவரை ஒட்டிய சின்னஞ்சிறு வண்ண வீடுகளின் வரிசை. 22ஆம் எண் வீட்டில் 1916, 1917இல் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா மாலைநேரங்களில் உட்கார்ந்து எழுதினார். கோட்டைச் சீட்டில் அதுவும் அடங்கியிருப்பதால் பார்த்துவிட்டு வரலாம். நண்பகலில் நெரிசல் மிகுந்தால் தவிர்த்தாலும் இழப்பில்லை.

சார்லஸ் பாலத்தில் எப்போதும் கூட்டம் என்கிறார்கள். எப்போது போனால் நிதானமாகப் பார்க்கலாம்?

விடியற்காலையில். வேறு விடை இல்லை. கோடையில் ஆறு மணிக்கு முன்பும், மற்ற மாதங்களில் ஏழு மணிக்கு முன்பும் போனால் பாலம் கிட்டத்தட்ட உங்களுடையது. 1342 வெள்ளத்தில் பழைய பாலம் அடித்துச்செல்லப்பட்ட பிறகு, மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு 9ஆம் நாள், 7ஆம் மாதம், 5 மணி 31 நிமிடத்துக்குக் கல் வைக்கப்பட்டதாக மரபு சொல்கிறது. வரிசையாக எழுதினால் 1 3 5 7 9 7 5 3 1 என்று ஏறி இறங்கும். நாள் நட்சத்திரம் பார்த்துக் கடைக்கால் போடும் நமக்கு இந்தக் கதையை நம்புவதில் சிரமம் இராது.

516 மீட்டர் நீளமுள்ள பாலத்தின் இரு புறமும் முப்பது சிலைகள் நிற்கின்றன. பலவற்றின் மூலச் சிற்பங்கள் காப்பகத்துக்குப் போய், இப்போது நிற்பவை நகல்கள். நெப்போமுக்கின் புனித யோவான் சிலைதான் முதலில் வந்தது, 1683இல். நான்காம் வென்செஸ்லாஸ் மன்னரின் ஆணையால் 1393இல் ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் அவர். சிலையின் அடியில் இரண்டு வெண்கலப் புடைப்புகள் உள்ளன. தொட்டால் மீண்டும் பிராக்குக்கு வருவோம் என்ற நம்பிக்கையால், பாலத்திலிருந்து வீழும் பாதிரியாரின் சிறிய உருவமும், மற்றொரு புடைப்பில் உள்ள நாயும் மட்டும் பொன்போல மின்னும். சுற்றிலும் வெண்கலம் கறுத்துக் கிடக்கும். சிலுவைச் சிற்பம் ஒன்றைச் சுற்றிப் பொன்னெழுத்தில் எபிரேய வாசகம் இருப்பதையும் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு யூதர்மீது விதித்த தண்டனையின் பேரில், யூதர்களை இழிவுபடுத்த வைக்கப்பட்டது அது. அதன் பின்னணியை விளக்கும் பலகை பிற்காலத்தில் கீழே பொருத்தப்பட்டுள்ளது.

பழைய நகரப் பக்கக் கோபுரத்தை இரு புறமும் பாருங்கள். நகரை நோக்கிய முகத்தில் அரசர்களும் புனிதர்களும் கேடயங்களும் நிறைந்திருக்க, ஆற்றை நோக்கிய முகம் வெறுமையாக இருக்கும். 1648இல் கோட்டையையும் மலா ஸ்ட்ரானாவையும் பிடித்த சுவீடன் படை பாலத்தைக் கடக்க முயன்றபோது, பீரங்கிக் குண்டுகள் அந்தப் பக்கச் சிற்பங்களைச் சிதைத்தன. நகர மக்களும் மாணவர்களும் பாலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டை ஜன்னலில் தொடங்கிய போர் இங்கே வந்து நின்றது.

வானியல் கடிகாரத்தைப் பார்க்க அவ்வளவு கூட்டம் நிற்கிறது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, இதற்கா?

அந்த ஒரு நிமிடத்துக்காக மட்டும் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், இரண்டு சிறு ஜன்னல்களில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள் வந்துபோவார்கள், சேவல் கூவும், மணி அடிக்கும். கூட்டம் கலைந்த பிறகு, அடுத்த கூட்டம் சேரும் முன், மணி பத்து நிமிடம் கடந்த நேரத்தில் போய் முகப்பையே பாருங்கள். அதன் முதற்பகுதி 1410இல் காடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கலைஞர் செய்தது.

நீலப் பகுதி பகல், கறுப்பு வட்டம் இரவு, இடையிலுள்ள செம்மை விடியலும் அந்தியும். ரோமன் எண்கள் இன்றைய மணியைக் காட்டும். வெளிவட்டத்திலுள்ள கோதிக் எண்கள் சூரியன் மறைந்தது முதல் எண்ணும் பழைய பொஹீமிய (செக் நாட்டு) மணியைக் காட்டும். அதனால் அந்த வட்டம் பருவத்துக்கேற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். பாதி வெள்ளியும் பாதி கறுப்புமான சிறு உருண்டை, வளர்பிறையையும் தேய்பிறையையும் தன்னைத் தானே சுழற்றிக் காட்டும். உள்ளே சரிந்து நிற்கும் வளையத்தில் மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு ராசிகளும் இருக்கும். பொன் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதை நீங்களே படித்துவிடலாம்.

நம் பஞ்சாங்கத்தோடு அது ஒத்துவரவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டி இந்தக் கடிகாரத்தில் சூரியன் மேஷத்தில் நுழையும். நம் கணக்கு நிலையான விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது என்பதால் சித்திரை பிறக்க அப்போது இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும். கடிகாரத்திலும் பிழையில்லை, பஞ்சாங்கத்திலும் பிழையில்லை; தொடக்கப் புள்ளிகள்தான் வேறு.

சதுக்கத்தில் தரையில் வெள்ளைச் சிலுவைகள் பதித்திருந்தன. அவை என்ன?

கேட்டதற்கு மகிழ்ச்சி, ஏனெனில் பலர் அவற்றின்மேல் நின்றுகொண்டுதான் கடிகாரத்துக்குக் காத்திருக்கிறார்கள். நகர மன்றக் கோபுரத்தின் கிழக்குப் பக்கத் தரையில் 27 சிலுவைகள் உள்ளன. மேலே சொன்ன ஜன்னல் நிகழ்ச்சிக்குப் பின் எழுந்த கிளர்ச்சி, 1620 நவம்பர் 8 அன்று நகருக்கு வெளியே வெள்ளை மலையில் நடந்த போரில் தோற்றது. அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் இந்த இடத்தில் கொல்லப்பட்டனர். பன்னிரண்டு பேருடைய தலைகள் பாலக் கோபுரத்தில் பத்தாண்டு காலம் தொங்கவிடப்பட்டன. அவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ். 1600இல் பிராக்கில் மனித உடலைப் பொதுமக்கள் முன்னிலையில் அறுத்து ஆய்ந்து காட்டிய மருத்துவர், பின்னர் பல்கலைக்கழகத் தலைவர். சுவரில் இருக்கும் பலகையில் 27 பெயர்களும் உள்ளன.

யூதர் கல்லறைக்குக் கட்டணம் கொடுத்துப் போக வேண்டுமா? சின்னக் குழந்தைகளோடு போகலாமா?

போக வேண்டும். சீட்டு கல்லறைக்கு மட்டுமானதன்று. யூத அருங்காட்சியகத்தின் கீழுள்ள பல தொழுகைக்கூடங்களுக்கும் சேர்த்துத்தான். சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடப்பட்டிருக்கும். 1787 வரை மூன்றரை நூற்றாண்டுகள் இங்கே அடக்கம் நடந்தது. இடத்தை விரிக்க அனுமதியில்லை, பழைய உடல்களை அகற்ற மதம் இடம்தராது. ஆகவே மேலே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதற்கு அதுவே காரணம். ஆசி வழங்கும் இரு கைகள் செதுக்கிய கல் குருமார் குலத்தவருடையது. குடம் செதுக்கியது, ஆலயப் பணிக்குரிய குலமான லேவியருடையது.

கல்லறைக்கு முன் வரும் பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. கம்யூனிச ஆட்சிக்காலத்தில் அவை அழிந்துபோக விடப்பட்டு, 1990களில் மீண்டும் எழுதப்பட்டன. மாடியில் நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்த ஃபிரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். மிகச் சிறு குழந்தைகளுக்கு இது புரியாது. பத்து வயதைக் கடந்தவர்களை நீங்களே முன்கூட்டிச் சொல்லி அழைத்துப்போவது நல்லது. உள்ளே பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

வென்செஸ்லாஸ் சதுக்கம் வெறும் கடைத்தெருதானே?

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். 1348இல் புதிய நகரை உருவாக்கியபோது நான்காம் சார்லஸ் குதிரைச் சந்தைக்காக ஒதுக்கிய நீண்ட வெளி அது. மேல்முனையில் தேசிய அருங்காட்சியகம். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்தபோது சுட்ட குண்டுகளின் தழும்புகள் அதன் முகப்பில் இன்றும் தெரியும். அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று யான் பாலாக் என்ற மாணவர் இங்கே தீக்குளித்து, மூன்று நாள் கழித்து உயிர்நீத்தார். அருங்காட்சியகத்தின் முன் நடைபாதையில் தரையோடு தரையாக எழும்பி வளைந்த சிலுவை அவருடைய நினைவு. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1989 நவம்பரில், கம்யூனிச ஆட்சியை எதிர்த்து இதே சதுக்கத்தில் திரண்ட இலட்சக்கணக்கானவர்களிடம் ஒரு மாடியிலிருந்து நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவல் பேசினார். ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவரானார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கோட்டைக்கு ஏற முடியுமா?

ஏற வேண்டியதே இல்லை. 22ஆம் எண் டிராமில் ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை அநேகமாக அதே மட்டத்தில் இருக்கும். சில நிமிட நடையில் இரண்டாம் முற்றம் வந்துவிடும். எல்லோரும் பார்த்துவிட்டு அடிவாரத்துக்கு இறங்கி நடப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பதால், வந்த வழியே திரும்பி டிராமில் ஏறுங்கள். பேராலயக் கோபுரத்துக்கு 287 படிகள், அதைத் தவிர்த்துவிடலாம். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஆசைப்பட்டால் கடிகாரம் இருக்கும் நகர மன்றக் கோபுரத்தில் மின்தூக்கி உண்டு.

ஏமாற்றுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே?

வன்முறை அரிது, ஜேப்படிதான் உண்மையான தொல்லை. கடிகாரத்தின் கீழ், பாலத்தின் மேல், கோட்டைக்குப் போகும் 22ஆம் எண் டிராமில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும் டாக்ஸியைத் தவிர்த்து, தொகையை முன்பே காட்டும் செயலி வழியாக அழையுங்கள். சதுக்கத்துத் தற்காலிகக் கடைகளில் சுட்ட இறைச்சிக்கு எழுதியிருக்கும் விலை நூறு கிராமுக்கானது. கடைக்காரர் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்த பிறகுதான் மொத்தம் தெரியும். மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் சில உணவகங்களில் காசு உண்டு. பணம் மாற்றுவது பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். எந்த அவசரத்துக்கும் 112.

மூன்று நாளில் ஒரு நாளைச் செஸ்கி கிரும்லோவ் என்ற ஊருக்கு ஒதுக்கலாமா?

வேண்டாம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நான்காம் நாள் கிடைத்தால், ஒரு மணி நேர ரயில் தொலைவிலுள்ள குட்னா ஹோரா நல்ல தேர்வு. வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த அவ்வூரில் புனித பார்பரா ஆலயமும், ஏறத்தாழ 40,000 பேரின் எலும்புகள் அடுக்கிய செட்லெட்ஸ் சிற்றாலயமும் உள்ளன.

பிராக்குக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் பெருமைக்குரியது. தமிழ் இலக்கியத்தை மேலைநாட்டு ஆய்வுலகில் நிலைநிறுத்திய அறிஞர்களுள் முன்னவரான கமில் சுவெலபில் 1927இல் பிராக்கில் பிறந்தவர், இங்கேயே தமிழ் கற்பித்தவர். மேலே சொன்ன 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, இறுதியில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். அதன் பிறகும் 1348இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தில் யாரோஸ்லாவ் வாட்செக் போன்றோர் தமிழைத் தொடர்ந்து கற்பித்தனர். பல்கலைக்கழகத்தின் தொன்மையான கட்டடமான கரோலினம் பழைய நகரில், மோட்சார்ட்டின் ‘டான் ஜோவானி’ 1787இல் முதன்முதலாக அரங்கேறிய நாடக அரங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது சற்று நின்று பாருங்கள்.

வெள்ளி இரவு வந்து திங்கள் காலை கிளம்புகிறோம். சனி, ஞாயிறு மட்டும்தான். எதை எப்போது பார்ப்பது?

சனிக்கிழமை யூதர் பகுதி மூடியிருக்கும், ஞாயிறு காலை பேராலயத்தைப் பார்க்க முடியாது. இந்த இரண்டுமே உங்கள் வரிசையை முடிவுசெய்துவிடும். சனி காலை எட்டரைக்குக் கோட்டை. ஜன்னல் இருக்கும் அறையை விட்டுவிடாதீர்கள். நண்பகலுக்குப் பின் மலா ஸ்ட்ரானாவுக்கு இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து போங்கள். கூட்டமாக இருக்கும், கோபுரத்தின் இரு முகங்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு நகருங்கள். மாலையில் 27 சிலுவைகள், இரவு எட்டரை மணிவாக்கில் கடிகாரம். போரின் கதை ஒரே நாளில் தொடர்ச்சியாக அமைந்துவிடும்.

ஞாயிறு விடியலில் வெறுமையான பாலத்துக்கு மீண்டும் போய்ச் சிலைகளை நிதானமாகப் பாருங்கள். ஒன்பது மணிக்கு யூதர் பகுதி, பிற்பகலில் வென்செஸ்லாஸ் சதுக்கம், மாலையில் வைஷெஹ்ராட். செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டும் அதைத் தொடரும் பண்டிகைகளும், வசந்தத்தில் பாஸ்காவும் ஞாயிற்றுக்கிழமையில் வரக்கூடும். தேதியை முன்பே சரிபாருங்கள். அப்படி மூடியிருந்தால் அந்தக் காலைப்பொழுதை வைஷெஹ்ராடுக்கே கொடுத்துவிடுங்கள். இசையமைப்பாளர்கள் டிவோர்ஷாக், ஸ்மெட்டானா, பேராலயக் கண்ணாடியை வடிவமைத்த முக்கா ஆகியோர் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.